உரியும் எட்டு விரல்கள்

ஜூன் 3, செவ்வாய்

இரண்டு சுண்டுவிரல்கள் மட்டும் நன்றாக இருக்கின்றன. மற்ற எட்டிலும் நகத்தை ஒட்டிய தோல் உரிகிறது. முதலில் வெள்ளையாகக் காய்ந்து தூக்குகிறது. பிறகு ஓரத்தில் முள் போல நிற்கிறது. அது துணியில் மாட்டிக் கிழிந்தால் நகக்கண் வரை சிவந்துவிடுகிறது. ஐந்து வாரமாக இப்படி.

தோல் மருத்துவர் இளம்பெண், என் மாணவிகளின் வயதுதான் இருக்கும். களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, "கை எதையெல்லாம் தொடுது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுவறீங்க, எல்லாத்தையும் எழுதுங்க மேடம். ரெண்டு வாரம் கழிச்சுப் பார்ப்போம்" என்றார். எனக்கு நாட்குறிப்புப் பழக்கம் கிடையாது. ஆனால் இருபத்து மூன்று வருடமாகக் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். தரவு இல்லாமல் பேசாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்கிறவள் இதை மறுக்க முடியாது.

வேறு வீடாக இருந்தால் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறந்துவிடலாம். என் கணவருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து ஒன்றரை வருடம் ஆகிறது. தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய குழாய் வைத்திருக்கிறார்கள். காலை ஆறு, பதினொன்று, மாலை நான்கு, இரவு ஒன்பது என நான்கு வேளை, வயிற்றில் இருக்கும் பழைய நீரை வடித்துவிட்டுப் பையிலிருந்து இரண்டு லிட்டர் புதிய நீரை உள்ளே விட வேண்டும். குழாயின் மூடியைத் திறந்து பையைப் பொருத்தும் அந்தச் சில நொடிகளில் விரலில் இருக்கும் கிருமி உள்ளே போனால் வயிற்றுக்குள் சீழ் பிடிக்கும்.

ஏப்ரலில் ஒரு முறை பிடித்தது. பதினோரு நாள் மருத்துவமனை. இன்னொரு முறை வந்தால் குழாயை எடுத்துவிட்டு வாரம் மூன்று நாள் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும் என்றார்கள். அவருடைய இதயம் ஏற்கெனவே பலவீனம். இயந்திரத்தைத் தாங்குமா என்று நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

பை மாற்றுவது நான்தான்.

ஜூன் 4, புதன்

தொட்டவை: இட்லி மாவு, பாத்திரம் தேய்க்கும் சோப்பு, புளி, துணி சோப்பு, செய்தித்தாள், கை சுத்தம் செய்யும் சானிடைசர்.

கை கழுவியது: பதினாறு முறை.

ஜூன் 6, வெள்ளி

மதியம் சாப்பிடும்போது அவர் கேட்டார்.

"கோகிலா, ரெண்டு பேர் இருக்கற வீட்டுல மாசம் ஒம்போது சோப்புத் தீருது. யாராச்சும் திங்கறாங்களா?"

"கை கழுவறதுக்குங்க."

"பதினாறு தடவைக்கா?"

டைரியைப் படித்திருக்கிறார்.

"முப்பது வருசம் மீட்டர் டெஸ்ட் பண்ணினவன் நான். ஓடறது ஒண்ணு, காட்டறது ஒண்ணுன்னா எனக்குத் தெரிஞ்சிரும்" என்றார். அவர் மின் வாரியத்தில் மீட்டர் பரிசோதனைப் பிரிவில் இருந்தவர். உடம்புக்காக விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார்.

டைரியை இனி பீரோவில் வைக்கிறேன்.

பிற்சேர்க்கை: இன்று கழுவக் கழுவக் குளியலறைக் கதவில் பென்சிலால் கோடு போட்டேன். நாற்பத்தொன்று. புதன்கிழமை எழுதியது நினைவிலிருந்து எழுதியது.

ஜூன் 8, ஞாயிறு

பக்கத்து வீட்டு இந்திராணி அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னுங்க டீச்சர் இது, கோழி கொத்துனாப்பல இருக்குது?"

நான் பேராசிரியை என்று திருத்துவதை அவரிடம் எப்போதோ நிறுத்திவிட்டேன்.

"ஒடம்புச் சூடுங்க. வெளக்கெண்ணெய தொப்புள்ல ரெண்டு சொட்டு உட்டுட்டுப் படுங்க. ஒரே வாரம்."

"தொப்புளுக்கும் விரலுக்கும் என்னங்கக்கா சம்பந்தம்?"

"சம்பந்தமெல்லாம் படிச்சவங்க கேட்கறது. எனக்குச் செரியாச்சு, அவ்வளவுதான்."

அவருக்கு என்ன இருந்தது, எத்தனை நாள் இருந்தது, எண்ணெய் வைக்காமல் இருந்திருந்தால் எத்தனை நாளில் போயிருக்கும் என்று கேட்கவில்லை. கறிவேப்பிலை பறித்துக் கொடுத்தேன்.

ஜூன் 12, வியாழன்

முறையாகச் செய்வதென்று போன வெள்ளியன்றே முடிவு செய்திருந்தேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது.

மூன்று நாள் பாத்திரம் தேய்க்கும்போது ரப்பர் கையுறை: மாற்றமில்லை. மூன்று நாள் துணி சோப்பைத் தொடவில்லை: மாற்றமில்லை. சத்துக் குறைவா என்று ரத்தப் பரிசோதனை செய்தேன். இரும்பும் துத்தநாகமும் என் வயதுக்குச் சரியாகவே இருக்கின்றன. களிம்பு தடவினால் ஒரு மணி நேரம் இதமாக இருக்கிறது. அதற்குள் அடுத்த கழுவல் வந்துவிடுகிறது.

கழுவுவதை மட்டும் சோதனைக்கு எடுக்க முடியாது. அது மாறக்கூடியதல்ல.

ஜூன் 13, வெள்ளி

வலது கட்டைவிரல், இடது மோதிர விரல்: ரத்தம்.

ஜூன் 17, செவ்வாய்

கல்லூரி திறந்துவிட்டது. வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் எட்டு நிமிடம். பதினொரு மணிக்கு வந்து பை மாற்றிவிட்டுப் பன்னிரண்டரை வகுப்புக்குத் திரும்பிவிடுகிறேன். துறைத்தலைவர் கால அட்டவணையை அதற்குத் தகுந்தாற்போல் போட்டுக் கொடுத்திருக்கிறார். நன்றி சொன்னேன்.

மாலை தோல் மருத்துவர். என் பட்டியலைப் பொறுமையாகப் படித்தார். நாற்பத்தொன்று என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"நாலு வேளை பை மாத்தறதுக்கு நாலு தடவை. சமையல், பாத்ரூம் எல்லாம் சேர்த்தாலும் பதினஞ்சைத் தாண்டாது. மீதி எதுக்கு மேடம்?"

"சுத்தமா இருக்கணும்ல."

"கழுவக் கழுவத் தோல்ல இருக்கற எண்ணெய்ப் பசை போயிடும். அப்புறம் வெடிக்கும். வெடிப்புலதான் கிருமி தங்கும். நீங்க சுத்தம் பண்றதுக்காக அழுக்கைச் சேர்க்கறீங்க." பிறகு என் இரண்டு கைகளையும் மேஜை மேல் விரித்து வைத்தார். "சோப்புன்னா பத்து விரலும் உரியணும். சுண்டுவிரலை மட்டும் ஏன் விட்டு வெச்சிருக்கு? பிய்க்கறீங்களா? கடிக்கறீங்களா?"

"இல்லை" என்றேன்.

எட்டு உரிகிறது, இரண்டு உரியவில்லை. தரவில் இவ்வளவு தெளிவாக நிற்பதை இரண்டு வாரமாக நான் பார்க்கவில்லை. முதுகலை மாணவன் எவனாவது இப்படிச் செய்திருந்தால் ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

ஜூன் 19, வியாழன்

துறைக் கூட்டம் முடிந்து எழுந்தபோது என் முன்னால் இருந்த காகிதத்தில் மெல்லிய தோல் துணுக்குகள். ஊதிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

வடித்த நீரைப் பையோடு செய்தித்தாள் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். எழுத்தைப் படிக்க முடிந்தால் நீர் தெளிவு. கலங்கலாக இருந்தால் உடனே மருத்துவமனை. ஒரு முறை பார்த்தால் போதும் என்றுதான் பயிற்சியில் சொன்னார்கள். நான் தலைப்பு, செய்தி, விளம்பரத்தின் அடியில் இருக்கும் பொடி எழுத்து மூன்றையும் படிக்கிறேன்.

இன்று காலை படித்துக்கொண்டிருந்தபோது அவர் கட்டிலிலிருந்து சொன்னார்.

"நானே மாத்திக்கறேன் கோகிலா. எனக்கும்தான பயிற்சி குடுத்தாங்க."

"வேண்டாம்."

"ஏன், என் கை நடுங்குதா?"

"நடுங்கலை."

"மீட்டர்ல மயிரளவு ஸ்க்ரூவைக் கண்ணாடி போடாம மாட்டுவேன். கரண்ட்டை நிறுத்தியாச்சுன்னு லைன் கிளியர் வாங்காம ஒரு தடவைகூடக் கம்பியைத் தொட்டதில்லை. கூட வேலை பார்த்தவன் ரெண்டு பேரு தொட்டுச் செத்தான். முறைப்படி செய்யறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியும்ங்க."

"அப்புறம்?"

வெந்நீர் வைக்கச் சமையலறைக்குப் போய்விட்டேன். கை கழுவிக்கொண்டேன்.

அவர் செய்து ஏதாவது ஆகிவிட்டால் அவர் தன்னைத்தானே நொந்துகொள்வார். அதைவிட இப்படி இருப்பது நல்லது. இதுதான் காரணம். வேறு காரணம் இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

சிறுநீரகப் பிரிவு நர்ஸ் தமிழரசி வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்: "அக்கா, கை உரியுதுன்னு சார் சொன்னாரு. ஒரு போட்டோ அனுப்புங்க."

என் கணவர் ஏன் இதையெல்லாம் அவரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை.

உள்ளங்கையைப் படமெடுத்து அனுப்பினேன். கேட்டது கை, அனுப்பியதும் கைதான்.

"நல்லாத்தான் இருக்குதுங்க்கா" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு மாலை வரை எதையும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை.

ஜூன் 25, புதன்

வலது ஆள்காட்டி விரல் நகத்தின் ஓரம் வீங்கியிருக்கிறது. சூடாக இருக்கிறது. நாடித்துடிப்பு அங்கே தெரிகிறது.

கையுறை மேல் கையுறை போட்டு மாற்றினேன்.

ஜூன் 26, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விடுப்பு எடுத்திருந்தேன். காலையில் வீக்கத்துக்குள் மஞ்சளாகச் சீழ் தெரிந்தது. நகச்சுற்று. ஆறு மணிக்கும் பதினொன்றுக்கும் இரட்டைக் கையுறையோடு நானே பை மாற்றினேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மருத்துவமனைக்குத் தெரியும், தெரிந்தால் வீட்டில் மாற்றுவதை நிறுத்துவார்கள், நிறுத்தினால் இயந்திரம். இப்படி ஒவ்வொரு படியாக யோசித்தேன். ஒவ்வொரு படியும் சரியாகவே இருந்தது. சீழ் பிடித்த விரலோடு ஒரு மனிதரின் வயிற்றுக் குழாயைத் திறக்கிறேன் என்பது மட்டும் அந்த வரிசையில் எங்கும் வரவில்லை.

மதியம் வலி தாங்கவில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் இந்திராணி அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"நகச்சுத்திக்கு எலுமிச்சம்பழத்தை உட்டா மருந்தேதுங்க? நுனியச் சீவி, ஓட்டை போட்டு, விரல உள்ள சொருகிக்கோங்க. அப்புடியே இழுத்துரும்."

எதை இழுக்கும், எப்படி இழுக்கும் என்று கேட்கவில்லை. பழத்தைச் சீவினேன். ஓட்டை போட்டேன். சொருகிக்கொண்டேன். புள்ளியியலில் முனைவர் பட்டம் வாங்கிய நான், சமையலறை முக்காலியில் ஆள்காட்டி விரலில் எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

அவர் தண்ணீர் குடிக்க வந்தார்.

"என்ன கோகிலா, கம்பத்துக்கு பல்பு மாட்டுனாப்பல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தது அழுகையாகப் போய்விட்டது. பழத்தை உருவிவிட்டு விரலைப் பார்த்தார். பிறகு மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். ஒன்றரை வருடமாக நான் அவர் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவர் என் கையைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று தோன்றியது.

"காலைல இந்த விரலோடவா மாத்துன?"

"ஆமாங்க."

திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"நாலு மணிக்கு நான் மாத்தறேன். நீ கதவுகிட்ட நில்லு. உள்ள வராத."

முகக்கவசத்தோடு வாசற்படியில் நின்றேன். ஜன்னலைச் சாத்தினார், மின்விசிறியை நிறுத்தினார், மேஜையைத் துடைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி கை கழுவினார். ஒவ்வொரு படியிலும் கவசத்துக்குள்ளிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "பை பார்த்தாச்சு. தேதி பார்த்தாச்சு. கிளாம்ப் மூடியிருக்கு. மூடி தயார். லைன் கிளியர்." குழாயைத் திறந்து பையைப் பொருத்த அவருக்கு நான்கு நொடிகூட ஆகவில்லை. எனக்கு எப்போதும் பத்து ஆகும். நான் தயங்குவேன்.

வடிந்த நீரைச் செய்தித்தாள் மேல் வைத்து, என் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். "படி."

"ஈரோட்டில் மஞ்சள் வரத்து அதிகரிப்பு" என்று படித்தேன்.

ஜூன் 27, வெள்ளி

ஆறு மணி: தெளிவு. பதினொன்று: தெளிவு. நான்கு: தெளிவு. நாளை மருத்துவமனை. காய்ச்சல் இல்லை. வயிற்று வலி இல்லை. அவர் தோசை கேட்டுச் சாப்பிட்டார்.

நான் சாப்பிடவில்லை.

ஜூன் 28, சனி

அறுவைப் பிரிவில் நகத்தின் ஓரத்தைக் கீறிச் சீழை எடுத்துக் கட்டுப் போட்டார்கள். அவருடைய நீரைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். முடிவு வந்தது. தொற்றின் அறிகுறி இல்லை.

தமிழரசி என் கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உள்ளங்கையப் போட்டோ எடுத்து அனுப்புனீங்கல்ல?"

"ஆமாம்மா."

"இத்தனை படிச்சுட்டு, நீங்களே இப்புடிப் பண்ணலாங்களாக்கா?"

"ஏற்கெனவே ஒரு தடவை என் கையால வந்துருச்சு. இன்னொரு தடவைன்னு தெரிஞ்சா மெஷினுக்கு அனுப்பிருவீங்கன்னு..."

"இருங்க. எது உங்க கையால வந்துச்சு?"

"ஏப்ரல்ல வந்தது."

அவர் என் கோப்பை வாங்கினார். என் கணவரின் எல்லா அறிக்கைகளையும் தேதிவாரியாக நான் அடுக்கி வைத்திருக்கும் கோப்பு. ஏப்ரல் மாத டிஸ்சார்ஜ் சீட்டின் மூன்றாம் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

"கையில இருந்து போற கிருமி வேறங்க்கா. இது கொடல்ல இருக்கறது. மலச்சிக்கல் ரொம்ப நாள் இருந்தா கொடல் வழியாவே வயித்துக்குள்ள வரலாம். இங்கயே எழுதியிருக்குது பாருங்க, 'குடல் சார்ந்தது, மலச்சிக்கல் தவிர்க்கவும்'னு."

எழுதியிருந்தது. மூன்றாம் பக்கம். ஐந்து வருடத்து விலைவாசிக் குறியீட்டை வரி வரியாகச் சரிபார்க்கிறவள், இந்த ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை. முடிவு எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்திருந்தேன்.

தமிழரசி அவர் பக்கம் திரும்பினார்.

"சார், அப்ப மோஷன் ஒழுங்காப் போச்சுங்களா? நாங்க குடுத்த டயாலிசிஸ் குறிப்பேட்டுல, அந்தக் கட்டத்துல தினமும் 'சரி'ன்னு டிக் அடிச்சிருக்கீங்க."

அவர் கூரையைப் பார்த்தார்.

"சார்."

"அஞ்சாறு நாளு போகலீங்க."

"சிரப் குடுத்தோமே, தினமும் முப்பது மில்லி?"

"அது சீனிப் பாகாட்ட இனிச்சுதுங்க. எனக்குச் சர்க்கரை வேற இருக்குது. ஏறிரும்னு வாஷ்பேசின்ல ஊத்திட்டேன்."

"எத்தனை நாளு?"

"ரெண்டு பாட்டல்."

"டிக் ஏன் போட்டீங்க?"

"அதையெல்லாம் பொம்பளைககிட்ட எப்புடிங்க சொல்றது? அவ அந்தக் கட்டத்தைப் பார்த்துட்டே இருப்பா. போகலைன்னு எழுதுனா ஏன், எதுக்குன்னு கேட்பா." பிறகு என்னைப் பார்க்காமல், "இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குதுன்னு தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா அவளை இத்தனை நாளு கை கழுவ விட்டிருப்பேனா?" என்றார்.

தமிழரசி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிக்கிறார் என்று தோள் காட்டிக்கொடுத்தது. அந்தச் சிரப் பெரும்பாலும் ரத்தத்தில் சேராது, குடலோடு போய்விடும், சந்தேகம் இருந்தால் கேட்டிருக்கலாம் என்று விளக்கினார்.

எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

மதியம் தமிழரசி முன்னால் அவர் ஒரு முறை பை மாற்றிக் காட்டினார். "லைன் கிளியர்" வந்தபோது தமிழரசி என்னைப் பார்த்தார்.

"குறை ஒண்ணும் இல்லீங்க சார். இனி நீங்களே பண்ணுங்க. அக்கா, மூணு வாரத்துக்கு நீங்க அந்த ரூமுக்குள்ளயே போகக் கூடாது. அப்புறமும் அவசரத்துக்கு மட்டுந்தான்."

"சரிம்மா" என்றேன். ஒரு தடையை யாரும் எனக்கு இதுவரை இவ்வளவு இனிமையாகச் சொன்னதில்லை.

ஜூன் 30, திங்கள்

கழுவியது: இருபத்தொன்பது. தேவையில்லாமல் குழாயடிக்குப் போகும் கால்களைத் திருப்பிக்கொண்டு வருவது கடினமாக இருக்கிறது.

சிரப் குடித்தார். என் முன்னாலேயே. மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு.

குறிப்பேட்டின் அந்தக் கட்டத்தில் இன்று டிக் இல்லை. "காலை 7.10, நன்று" என்று மீட்டர் அறிக்கை போல எழுதியிருக்கிறார்.

ஜூலை 5, சனி

தோல் மருத்துவரிடம் போனேன். "பிய்க்கிறேன்" என்று உட்கார்ந்ததும் சொன்னேன். கட்டைவிரலால் மற்ற விரல்களின் ஓரத்தைக் கிளறுகிறேன், கட்டைவிரலைப் பல்லால் கடிக்கிறேன், சுண்டுவிரல் கட்டைவிரலுக்கு வசதியாக எட்டுவதில்லை. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

சொன்னவை: வெதுவெதுப்பான தண்ணீர் போதும், சூடு வேண்டாம். வாசனை இல்லாத மிதமான சோப்பு. கழுவியதும் ஈரம் காய்வதற்குள் வாசலின் கனமாக. படுக்கும்போது தடவி மேலே பருத்திக் கையுறை. தூக்கி நிற்கும் தோலை இழுக்காமல் சின்னக் கத்தரியால் ஒட்ட வெட்டுவது. பிய்க்கத் தோன்றும்போது கைக்கு வேறு வேலை கொடுப்பது.

"என்ன வேலை?" என்று கேட்டேன்.

"உங்களுக்குப் பிடிச்சது எதாவது."

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் உடனே நினைவுக்கு வரவில்லை.

ஜூலை 9, புதன்

கழுவியது: பதினேழு. பூரிக்கட்டையை எடுத்தேன். பூரி உருட்டும்போது விரல் எதையும் கிளறுவதில்லை.

ஜூலை 10, வியாழன்

இன்றும் பூரி. இந்திராணி அக்காவுக்குக் கொடுத்தனுப்பினேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஆறு விரல்களில் புதுத் தோல். வலது ஆள்காட்டி விரல் நகம் மட்டும் வரி வரியாக வளர்கிறது. வளர்ந்து வெளியேற நான்கைந்து மாதம் ஆகுமாம்.

இந்திராணி அக்கா கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பார்த்தீங்களா, எலுமிச்சம்பழம்" என்றார். மறுக்கவில்லை. சோப்பு, வாசலின், கையுறை, சிரப், என் கணவர் தானே பை மாற்றுவது, மூன்றாம் பக்கம் எல்லாம் ஒரே வாரத்தில் மாறின. எது குணப்படுத்தியது என்று பிரித்துச் சொல்ல இந்தத் தரவு போதாது. பிரித்துச் சொல்ல வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

ஜூலை 30, புதன்

சேலத்தில் பாடத்திட்டக் குழுக் கூட்டம். காலையில் கிளம்பினேன். இரண்டு தாள்களில் பயங்கர விவாதம். நிகழ்தகவு முதலாண்டிலேயே வேண்டும் என்று நான் ஒருத்தியாக நின்று வாதாடினேன். தேநீர் வந்து ஆறியது. கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

பேருந்து நிலையத்துக்கு வந்து கடிகாரத்தைப் பார்த்தபோது ஐந்தேகால். நான்கு மணி எப்போதோ தாண்டியிருந்தது. நான் கவனிக்கவில்லை. ஒன்றரை வருடத்தில் ஒரு நாள்கூட நான்கு மணி எனக்குத் தெரியாமல் போனதில்லை. போன் செய்தேன்.

"சொல்லு கோகிலா. பஸ் கெடைக்கலையா?"

பின்னால் டிவியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இனிமேத்தான் ஏறணும். வர்றப்ப ஏதாச்சும் வாங்கணுமாங்க?"

"ஒண்ணும் வேண்டாம். நீ ஏதாச்சும் வாங்கித் தின்னு. மத்தியானம் சாப்புட்டியோ இல்லையோ."

வெள்ளரிப்பிஞ்சு விற்கும் பெண்ணிடம் ஒன்று வாங்கினேன். நான்காகக் கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிக் கொடுத்தாள். ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து தின்றேன். விரலெல்லாம் மிளகாய்ப்பொடி. சங்ககிரி தாண்டும் வரை கழுவவில்லை. எரியவும் இல்லை.